இருநூறும் அறுநூறும்: ரயிலில் பேசிய ஒரு வியாபாரம்

காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸில் மாதம் இரண்டு முறையாவது சென்னைக்குச் செல்கிறேன். எங்கள் பட்டறையில் வார்க்கும், வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களை வாங்குவோர் அழைப்பதும் பெரும்பாலும் அந்தப் பயண நேரத்தில்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன், வண்டி திருச்சியைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஒரு கட்டடக் கலைஞர் அழைத்தார். பல நாள் காத்திருந்த ஆர்டர் என்பதால், எடுக்காவிட்டால் கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சி, அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே அளவு, நிறம், நாள் அனைத்தையும் பேசி முடித்தேன். அவர் அறுநூறு சதுர அடி என்றார். என் காதில் இருநூறு என்று விழுந்தது. நம் நூறுகளுக்குத் தொடக்கத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. சிக்னல் அதை விழுங்கிவிட்டால் எஞ்சுவது ‘நூறு’ மட்டுமே. பத்து அங்குலக் கல்லில் இருநூறு சதுர அடிக்கு 288 கற்கள் போதும். அறுநூறுக்கு 864 வேண்டும். நாங்கள் அனுப்பியது 288.

மீதி 576 கற்களை வார்த்து அனுப்பினால் தீர்ந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறக்கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கல் இது. ஒருமுறை கலக்கும் நிறத்துக்கும் மறுமுறை கலக்கும் நிறத்துக்கும் சாயல் சற்றே மாறும். ஒரே கூடத்தில் இரண்டு சாயல் கூடாது என்பதால் 864 கற்களையும் புதிதாகவே வார்த்துக் கொடுத்தோம். நட்டத்தைவிட, அந்த வீட்டுப் புதுமனைப் புகுவிழா தள்ளிப்போனதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

அதன்பிறகு, ஓடும் வண்டியில் அழைப்பு வந்தால் எடுத்து, பயணத்தில் இருப்பதைச் சொல்லி, எத்தனை மணிக்கு அழைப்பேன் என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு வைத்துவிடுகிறேன். இதற்காக எவரும் ஆர்டரை வேறிடத்தில் கொடுத்ததில்லை. எடுக்காமலே விடுவதுதான் அவர்களுக்கு மனக்குறை. சிக்னல் இல்லாத இடத்தில் அழைப்பு பட்டறையில் இருக்கும் தம்பிக்குப் போகும்படி, கைப்பேசி அமைப்பில் மாற்றி வைத்திருக்கிறேன். பிறகு பேசும்போது எண்ணை ‘ஆறு, பூஜ்யம், பூஜ்யம்’ என்று தனித்தனியாகச் சொல்லி, பேசி முடித்த கையோடு அளவையும் கல் எண்ணிக்கையையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகே கலவையைத் தொடச் சொல்கிறேன். வாய்ப்பேச்சில் முடிந்த வியாபாரத்தையும் அன்றிரவே பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் அப்பச்சி (அப்பா) சாப்பிட உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தை நான் ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

காரில் செல்லும்போது வண்டியை ஓரமாக நிறுத்தாமல் பேசுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதமும், ஓராண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விலையை மட்டும் ரயிலில் எப்போதும் சொல்வதில்லை. பல்லவனில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம், அதே தொழில் செய்பவராகவும் இருக்கலாம்; ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்த விலை அடுத்தவர் காதில் விழுவது வாங்குபவருக்கும் நல்லதன்று. அதைத் தம்பி பட்டறையிலிருந்து எழுதி அனுப்புவான்.