ஹெஃபல்ஃபிங்கருக்குக் கொடுத்த 500 டாலர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுபவரின் பெயர்தான் நிலைக்கும். முன்வரிசையில் மோதி அவருக்கு வழி திறப்பவரை எவரும் நினைப்பதில்லை. அந்த வரிசையிலிருந்து எனக்குப் பிடித்தவர், 1867இல் பிறந்த வில்லியம் ‘பட்ஜ்’ ஹெஃபல்ஃபிங்கர். அவர் கார்டாக (முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவராக) ஆடிய யேல் பல்கலைக்கழக அணி, 1888இல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் கிட்டத்தட்ட 700 புள்ளிகளைக் குவித்தது. தம் இடத்திலேயே நின்று மோதாமல், வரிசையை விட்டு விலகி, பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் பாய்ந்து எதிரிகளைச் சரிப்பது அவருடைய பாணி.

1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் அத்லெடிக் கிளப்பை எதிர்த்து ஆடிய அலகெனி அணி, தன் பக்கம் ஆட அவருக்கு 500 டாலர் ரொக்கமும் பயணச் செலவுக்கு 25 டாலரும் கொடுத்தது. பணம் வாங்கி ஆடுவது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் என்பதால் விஷயம் வெளியே வரவில்லை. எதிரணி நழுவவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி அவரே டச்டவுன் அடித்தார். அன்று அதற்கு 4 புள்ளிகள்தான், ஆட்டமும் 4-0 என்றே முடிந்தது. வழி திறப்பவரே பந்தோடு ஓடிய நாள் அது! பின்னர் கலிபோர்னியா, லீஹை, மினசோட்டா அணிகளுக்குப் பயிற்சியளித்த அவர், 1954இல் டெக்சாஸில் காலமானார். அந்த 500 டாலரைப் பதிந்த கணக்கேட்டுத் தாள், முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே என்பதற்குச் சான்றாக இன்று அமெரிக்காவின் கேன்டன் நகரிலுள்ள கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.