மூளைக் கடிகாரப் பாடம்: மரபணுப் படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

சர்க்காடியன் ரிதம், அதாவது உடலின் ஏறத்தாழ 24 மணி நேரத் தாளம் பற்றிய பாடத்தை எடுத்ததும் பலர் மரபணுச் சுழற்சிப் படத்தில்தான் கை வைக்கிறார்கள். அத்தனை அம்புக்குறிகளைப் பார்த்ததும் பாதித் தெம்பு போய்விடும். நான் சோதனைகளில் தொடங்கி, செல்களுக்குப் போய், மரபணுக்களைக் கடைசிக்கு வைத்தேன். மனப்பாடச் சுமை வெகுவாகக் குறைந்தது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ், சுருக்கமாக எஸ்.சி.என். 1972இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் இதை அழித்தபோது அன்றாடத் தாளங்கள் குலைந்துபோயின. கடிகாரம் அங்கேதான் என்று இதை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். வேறு எங்கோ இருக்கும் கடிகாரத்தின் செய்தி கடந்துபோகும் வழியாகக்கூட அது இருக்கலாமே?

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது 1990இல் வந்த மாற்றுச் சோதனை. டௌ என்ற மரபணு மாற்றம் கொண்ட ஒருவகை ஹாம்ஸ்டருக்கு (எலி போன்ற விலங்கு) உடல் கணக்கில் நாள் சுமார் 20 மணி நேரம்தான். எஸ்.சி.என். அழிக்கப்பட்ட சாதாரண ஹாம்ஸ்டரின் மூளையில் அந்த வகைக் கருவின் எஸ்.சி.என். திசுவை வைத்தார்கள். தாளம் திரும்பியது, ஆனால் சுமார் 20 மணி நேரச் சுழற்சியோடு! திசுவைப் பெற்ற விலங்கின் நேரம் வரவில்லை, கொடுத்த விலங்கின் நேரம் வந்தது. விடைத்தாளில் இந்த ஒன்றை விரிவாக எழுதுங்கள்.

செல்கள் பகுதி சின்னதுதான். எலியின் எஸ்.சி.என். நியூரான்களைப் பிரித்து வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் தாளம் போடும். அவற்றை ஒத்திசைய வைப்பதில் வி.ஐ.பி. என்ற பெப்டைடுக்கு (சிறு புரதம் போன்ற மூலக்கூறு) பெரும் பங்கு.

இப்போது மரபணுக்கள். கிளாக், பிமால்1 புரதங்கள் சேர்ந்து பெர், கிரை மரபணுக்களை இயக்குகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் உட்கருவுக்குள் திரும்பி, தம்மை உருவாக்கிய இயக்கத்தையே அடக்குகின்றன. அவை சிதைந்ததும் மறுபடி முதலிலிருந்து. சரி, இதற்கு ஏன் 24 மணி நேரம்? புரதம் உருவாக அவ்வளவு நேரம் ஆகாதே. தாமதம் பின்னால் நடப்பதில் இருக்கிறது: பெர் புரதம் மெல்லச் சேர்வது, கேசின் கைனேஸ் என்ற நொதி அதில் பாஸ்பேட் ஏற்றுவது, உட்கருவுக்குள் நுழைவது, சிதைவது. அந்த ஹாம்ஸ்டரின் டௌ மாற்றம் இந்தக் கைனேஸில்தான் என்று 2000இல் தெரியவந்தது. சோதனையும் மரபணுவும் இங்கே கைகோத்துக்கொள்வதால்தான் இந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

தடுமாற வைக்கும் கேள்விகளுக்கு இரண்டு குறிப்புகள். இரவில் நடமாடும் எலிக்கும் எஸ்.சி.என். நியூரான்கள் பகலில்தான் அதிக மின்துடிப்புகளை அனுப்பும். ஒளி தாளத்தை உருவாக்குவதில்லை, நேரத்தைச் சரிசெய்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணரும் நிறமி கொண்ட செல்கள் வழியாக அந்தச் செய்தி வருகிறது. முன்னிரவில் பட்ட ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும், பின்னிரவில் பட்டால் முன்தள்ளும், பகலில் பெரிய விளைவு இருக்காது. இதை வரைபடமாகவே போட்டுப் பழகுங்கள், வார்த்தையில் எழுதினால் முன்னும் பின்னும் குழம்பிவிடும்.