இடையன்குடியில் ஒரு ஞாயிறு: அத்தையின் பொருத்தனை

மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், இடையன்குடி ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன், என் கையால் பின்னிய லேஸ் வைத்து ஒரு பீட விரிப்பும் கொண்டுவருகிறேன் என்று அத்தை பொருத்தனை பண்ணியிருந்தார்கள். கர்த்தர் தாமதிக்கவில்லை. மாமா எழுந்து நடமாடி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். விரிப்புதான் நாளாகிவிட்டது. எழுபது தாண்டிய கண்ணுக்கு மெல்லிய நூல் பிடிபட வேண்டுமே. ஆடிக் காற்று பிடித்த பிறகுதான் கடைசி முடிச்சு விழுந்தது.

பாளையங்கோட்டையில் எத்தனையோ பெரிய ஆலயங்கள் இருக்க, இடையன்குடிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் அந்த லேஸ். அந்த ஊரில் மிஷனரியாக இருந்த கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலிசா அம்மா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். அத்தையின் பூட்டி அதில் படித்தவர்கள். உருளைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் அந்த வேலை தாய்வழியாக இறங்கி அத்தை கைக்கு வந்தது. சின்ன வயதில் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த நூல் காசில்தான் என்று அத்தை அடிக்கடி சொல்வார்கள்.

திசையன்விளை வரைக்கும் பஸ் சுகமாக வந்தது. அங்கே இறங்கியதும் பிடித்தது சோதனை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ் குறைவு என்பது ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாதா? நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, ஒருவர் கையிலிருந்த பையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் வாயில் வந்த தொகையைச் சொல்ல, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோவிலுக்குப் போகிறவர்களிடம் இப்படியா? கடைசியில் கேட்டதைக் கொடுத்துத்தான் ஏறினோம். வழியெல்லாம் தேரியின் செம்மணலை அள்ளி முகத்தில் அடித்தது காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. அத்தை விரிப்பு இருந்த பையைக் குழந்தையைப்போல் மடியில் அணைத்துக்கொண்டு, "1841-ல மெட்ராஸ்ல இருந்து ஐயர் நடந்தே வந்தாவ. நமக்கு ஆட்டோ இருக்கே, ஸ்தோத்திரம் சொல்லு பிள்ளே" என்றார்கள்.

கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்த இடத்திலேயே அத்தை சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கட்டிய ஆலயம் அது. தாது வருஷப் பஞ்சத்தையும் தாண்டி 1880-ல் பிரதிஷ்டை ஆனது. உயரமான அந்தக் கூர்வளைவு ஜன்னல்களை நம் ஊர்க் கொத்தனார்களுக்கு விளக்க, ஐயரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

உள்ளே நல்ல கூட்டம். அன்று ஞானஸ்நானம் இருந்ததால் வேன் வேனாக உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆராதனை நடக்கும்போதே பீடத்துக்கு முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை என்ன சொல்வது? பாமாலை பாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்த இடத்தின் அருமை தெரிந்திருந்தால் அப்படி நிற்கக் கால் வராது. எண்பத்து நாலாம் சங்கீதம் வாசித்தபோதுதான் என் மனம் அடங்கியது.

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. மூட்டுத் தேய்மானம், தரையில் முழங்கால் போடவே கூடாது என்று அத்தைக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உபதேசியார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அத்தை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கிராதியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை என் தோளில் ஊன்றி, முதலில் இடது காலை, பிறகு வலது காலை மெல்ல மெல்ல இறக்கினார்கள். என் தோளில் அழுந்திய விரல்களிலேயே எவ்வளவு வலி என்று தெரிந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. குருவானவர் அப்பத்தோடு வந்தார். அத்தை உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏந்தினார்கள். ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் குண்டூசி குத்திய கறுப்புப் புள்ளிகள். அந்தக் கையில் அப்பம் வைக்கப்பட்டது. எங்கள் வரிசை எழுந்து போன பிறகும் அத்தை எழுந்திருக்கவில்லை. குருவானவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வரிசைப் பெண்கள் அத்தைக்கு இரண்டு பக்கமும் இடம்விட்டு முழங்காலிட்டார்கள். "இயேசப்பா, அவங்களக் கொடுத்தீரே" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவங்க என்றது மாமாவையா, அந்தப் பீடத்தடியில் உறங்கும் இருவரையா, நான் கேட்கவில்லை.

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் ஐயர் கண்மூடினார். மலையிலிருந்து இறக்கி இத்தனை தூரம் கொண்டுவந்து இங்கேதான் வைத்தார்கள். 1899-ல் எலிசா அம்மாவும் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். 1838-ல் கப்பலிறங்கியபோது ஐயருக்கு வயது 23. நடுவில் விடுப்பில் போய்வந்தாலும், முதுமையைக் கழிக்க அயர்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ போகவில்லை. அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றதே 1877-ல், அறுபது தாண்டிய பிறகு. நம் வீடுகளில் அந்த வயதில் ஈஸிசேரில் சாய்ந்துவிடுவார்கள்.

அந்த வயதில் அவர்களுடைய ஞாயிறு எப்படி இருந்திருக்கும் என்று ஆராதனை முடிந்து திண்ணையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். இதே காற்று, இதே செம்மண். மணி அடித்ததும் பனையேறிகளின் குடும்பங்கள் தேரியைக் கடந்து வந்திருக்கும். ஐயர் பிரசங்கம் முடித்து வந்து சாய, எலிசா அம்மாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டிருப்பார்கள். நாகர்கோவிலில் தகப்பனார் மால்ட் ஐயர் வீட்டில் வளர்ந்தவர்கள், தமிழ் சின்ன வயதிலிருந்தே வாய்க்கு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், கடனைக் கேட்டு வாசலில் நிற்கிறான், மாப்பிள்ளை வீட்டார் சரியில்லை என்று ஒருத்தி ஒருத்தியாகச் சொல்ல, எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். உலகம் ஐயர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொண்டாடுகிறது, மெரினாவில் சிலை வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஞாயிறுகள்தான் பெரிது. எங்கள் பூட்டியை அவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்திராவிட்டால் அத்தைக்கு எழுத்து ஏது, எனக்குத்தான் ஏது?

விரிப்பைக் குருவானவர் இரண்டு கையாலும் வாங்கி, அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். அத்தை கேட்டுக்கொண்டபடி யார் கொடுத்தது என்று சபையில் அறிவிக்கவில்லை. நினைவு இல்லமாக அரசு பராமரிக்கும் ஐயரின் வீட்டையும் பார்க்கலாம் என்றேன். அத்தைக்கு அதில் மனம் போகவில்லை, பீடத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஆட்டோ, காற்று, கூட்டம் எதுவும் அப்போது நினைவில் இல்லை. எங்கள் மாமாவைத் திருப்பிக் கொடுத்தீரே, இந்த மனிதர்களை இந்த மண்ணுக்கு அனுப்பினீரே, கோடி ஸ்தோத்திரம் ஆண்டவரே!

ஊர் திரும்பியதிலிருந்து அத்தைக்கு முழங்கால் வீங்கித்தான் இருக்கிறது. ஒத்தடம் கொடுக்கிறோம். வருகிற மாதம் மாமாவை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். இருவரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.