சொந்தக் காசில் பிளேட் வாங்கலாமா?

வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் அமெரிக்கப் படைப்பிரிவுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. படை கொடுக்கிற கவசம் போதுமா, இல்லை சொந்தமாக நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்வதா? என் பதில்: குண்டை நிறுத்துகிற பாகத்தை, அதாவது மார்பிலும் முதுகிலும் செருகும் கெட்டித் தகடான பிளேட்டை, வாங்காதீர்கள். கையில் காசு இருந்தால் அதைச் சுற்றியுள்ளவற்றுக்குச் செலவழியுங்கள்.

இந்தப் பதில் 2003-க்குப் பொருந்தாது. ஈராக் போர் தொடங்கியபோது சாப்பி என்ற பீங்கான் பிளேட் வைத்த, படையின் அப்போதைய இன்டர்செப்டர் கவசம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. பலர் பழைய பாஸ்ஜிடி கவச உடையோடுதான் போனார்கள். அது வெடிச் சிதறலுக்காகத் தைத்தது, ரைஃபிள் குண்டு அதைத் தாண்டிப் போய்விடும். அந்த நிலைமையில் வீட்டார் கடன் வாங்கியாவது பிளேட் அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. தட்டுப்பாடு தீர 2004 தொடக்கம் ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவுச் சட்டம், சொந்தமாக வாங்கிய பொருள் ஒன்றுக்கு 1,100 டாலர் வரை திருப்பித் தரச் சொன்னது. அதற்கான நடைமுறையை பென்டகன் வெளியிட மேலும் ஓர் ஆண்டு பிடித்தது. ரசீதைத் தொலைத்தவர்கள் பாடு சொல்லவே வேண்டாம்.

2006 மார்ச்சில் தரைப்படை, வீரர்கள் கடையில் வாங்கிய கவசங்களுக்குத் தடை போட்டது. டிராகன் ஸ்கின் என்ற கவசத்தைப் பெயர் சொல்லியே தடுத்தது. மீன் செதில் போலச் சிறு பீங்கான் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியிருப்பார்கள். வளையும், உடம்போடு படியும். கேட்க அருமையாக இருக்கும். 2006 மே மாதச் சோதனையில் 48 குண்டுகளில் 13 உள்ளே போய்விட்டதாகப் படை அறிவித்தது. கடும் வெப்பத்திலும் குளிரிலும் வைத்து எடுத்தபோது பசை விட்டு வட்டுகள் நழுவியதுதான் காரணம் என்றது. எடையும் ஒரு சிக்கல்: மிகப் பெரிய அளவில் அது 21 கிலோவைத் தாண்டியது, அதே அளவு இன்டர்செப்டர் 13 கிலோவுக்குள் நின்றது. தயாரித்த நிறுவனம் சோதனை முடிவை ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குள் போகத் தேவையில்லை. நமக்கு முக்கியம் வேறு: அறை வெப்பத்தில், நேராக நிறுத்தி வைத்து நான்கு குண்டு சுட்டுக் காட்டும் வீடியோ எதையும் நிரூபிக்காது. படைக்கு வரும் பிளேட்டை வெயில், குளிர், டீசல், உப்புநீர் எல்லாம் காட்டி, கீழே போட்டு, அதன்பிறகு சுடுவார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பிளேட்களை எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை வாங்குவார்கள். தனி ஆளால் இந்தச் சோதனையை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

(சொந்தக் கவசம் போட்டு இறந்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்று அப்போது ஒரு புரளி கிளம்பியது. இன்னும் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எஸ்ஜிஎல்ஐ என்ற படைவீரர் ஆயுள் காப்பீடு நீங்கள் எதைப் போட்டிருந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. தடைக்கான காரணம் அது அல்ல.)

கடையில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, தர எண். என்ஐஜே என்பது அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம், அது வகுத்தது போலீஸ் துறைகளுக்கான தரம். அதன் 0101.06 பதிப்பில் லெவல் 3 என்றால் எம்80 என்ற 7.62 மிமீ குண்டு ஆறை நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டும். லெவல் 4 என்றால் கவசம் துளைக்கும் எம்2 ஏபி குண்டு ஒன்றை 878 மீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றே ஒன்று, இரண்டாவது குண்டைப் பற்றி அந்தத் தரம் வாய் திறப்பதில்லை. 'லெவல் 3 பிளஸ்' என்று ஒன்று என்ஐஜேயிடம் கிடையாது, அது விற்பவர் வைத்த பெயர். 2023-இல் வந்த 0101.07 பதிப்பு ரைஃபிள் தரங்களை ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்று பிரித்தது. இரண்டாவதில் எஃகு முனை கொண்ட எம்855 என்ற 5.56 மிமீ குண்டும் சேர்ந்திருக்கிறது. அதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: பாலிஎத்திலீன் மட்டும் வைத்துச் செய்த இலகுவான பிளேட்கள் பெரிய எம்80-ஐப் பிடித்துவிடும், சின்ன எம்855-ஐக் கோட்டைவிடும். எஃகு பிளேட்டில் நிலைமை தலைகீழ். அது எம்855-ஐத் தாங்கும். நீளக் குழலிலிருந்து வேகமாக வரும், அதே 5.56 மிமீ அளவு எம்193 குண்டு துளைத்துவிடும். துளைக்காவிட்டாலும் உடைந்த குண்டின் துண்டுகள் தகட்டின் முகத்தோடு ஓடிக் கழுத்துக்கும் தாடைக்கும் தொடைக்கும் பாயும். மேலே பூசிய ரப்பர் ஒன்றிரண்டு குண்டுக்குத் தாங்கும், அதற்குப் பிறகு உரிந்து தொங்கும். எஃகு பிளேட்டைச் சுடுதளத்தில் இலக்காக வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சேர்ந்து வேலை செய்யும் பிளேட்டைத் தனியாகப் போடுவது. படையின் சாப்பியும் அதன் மேம்பட்ட வடிவமான இ-சாப்பியும் பின்னால் கெவ்லார் மாதிரி இழையில் செய்த மென்கவசம் இருக்கும் என்ற கணக்கில் செய்தவை. பழைய இ-சாப்பியை எங்காவது பிடித்து பிளேட்டைச் சுமக்கும் வெறும் கேரியர் உடையில் செருகினால் பாதிக் கவசம்தான். குண்டு நின்றாலும் பின்பக்கம் உடம்புக்குள் பிதுங்கும். என்ஐஜே சோதனையில் களிமண்ணில் விழும் அந்தக் குழி 44 மிமீயைத் தாண்டக் கூடாது. உடம்பில் அதன் அர்த்தம் உடைந்த விலா எலும்பு.

மூன்றாவது, அளவு. படையின் மீடியம் 9.5-க்கு 12.5 அங்குலம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 10-க்கு 12. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் படை கேரியரின் பையில் அகலம் இறுக்கிப் பிடிக்கும், உயரத்தில் இடைவெளி விழும். நாலு நாள் ஓட்டத்தில் பிளேட் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். முன் பிளேட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குக் கீழே உள்ள குழிக்கு நேராக நிற்க வேண்டும், அகலம் இரண்டு முலைக்காம்புகளையும் மூட வேண்டும். முதுகுப் பிளேட்டும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். அதைத்தான் பலர் இடுப்பு வரை தொங்கவிடுகிறார்கள். பிளேட் வயிற்றை மறைப்பதற்கல்ல. இதயத்தையும் அதிலிருந்து கிளம்பும் பெரிய குழாய்களையும் மறைப்பதற்கு.

நான்காவது, வயது. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பீங்கான் பிளேட் கீழே விழுந்தால் உறைக்குள்ளேயே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. இரு கையால் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், விரலால் தட்டிக் கேளுங்கள். நறநறவென்றாலோ ஓரிடத்தில் ஒலி மங்கினாலோ ஒதுக்கிவிடுங்கள். ஒலி சரியாக இருந்தால் பிளேட் நல்லது என்று அர்த்தம் ஆகாது, எக்ஸ்ரேதான் முடிவு சொல்லும். படையில் அதற்கு இயந்திரம் இருக்கிறது, வீட்டில் இல்லை. மென்கவசத்துக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. ஜைலான் என்ற இழையில் செய்த உடைகள் வெறும் உபயோகத்திலேயே வலுவிழந்ததால் 2005 ஆகஸ்டில் என்ஐஜே அவற்றின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. பயன்படுத்திய மென்கவசத்தை இணையத்தில் வாங்குகிறவர் இதை நினைவில் வைக்கட்டும்.

இன்னொன்று: மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று லெவல் 4 பிளேட்டைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். அது அமெரிக்காவின் ராணுவப் பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள். உரிமம் இல்லாமல் அனுப்புவது குற்றம்.

சரி, காசை எங்கே போடுவது? முதலில் டூர்னிக்கெட், ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை. முதலுதவிப் பையில் கொடுப்பதற்கு மேல் இரண்டு வாங்கி, இரு கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். தயாரிப்பாளர் அங்கீகரித்த விற்பனையாளரிடமே வாங்குங்கள். போலிகள் அச்சு அசலாக இருக்கும், இறுக்கும்போது முறுக்குக் கட்டை உடையும். அடுத்து கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, படை அங்கீகரித்த கண்ணாடிகளின் ஏபெல் பட்டியலில் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பிறகு பைகளும் தோள் மெத்தைகளும், அதுவும் பிரிவு அனுமதித்தால். பைகளை மாட்டும்போது அவசரமாகக் கழற்றும் கேபிளின் பாதையைக் குறுக்கே தைத்துவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்து கேபிளை இழுக்கும்போது கவசம் கழன்றே ஆக வேண்டும்.

கொடுத்த பிளேட் மேல் சந்தேகம் என்றால் கிளம்பும் முன்பே வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு பொருள் வழங்கும் சப்ளை சார்ஜென்ட்டிடம் எக்ஸ்ரே ஸ்கேன் கேளுங்கள், அளவு சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் நாளைக்கு என்பார்கள். எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.