உவரி அந்தோணியாருக்கு அசனம்

நெல்லைக் கடலோரத்து உவரி அந்தோணியார் கோயிலில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவதுதான் அசனம். அந்த நேர்ச்சை வீட்டு அடுப்படியிலேயே தொடங்கிவிடுகிறது. தினமும் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப்பானையில் போட வேண்டும். பிடி 50 கிராம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 18 கிலோ சேர்ந்துவிடும். வண்டு விழாமலிருக்கக் காய்ந்த வேப்பிலையும் நாலைந்து மிளகாய் வற்றலும் போட்டு, மாதத்துக்கு ஒரு தடவை வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்திப் புடைக்க வேண்டும். வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கும். பீடிக்கூலி தள்ளிப்போகிற வாரத்தில் அந்த ஒரு பிடி கனக்கும். அப்போதுதான் அக்கம்பக்கத்தில் மடிப்பிச்சை கேட்பது. பிள்ளையார் படம் மாட்டிய வீட்டிலும் “அந்தோணியாருக்கா, இந்தா” என்று ஒரு படி அளந்து போடுவார்கள்.

அசனம் போடச் செவ்வாய்க்கிழமைதான் நாள். ஜனவரி, பிப்ரவரியில் வரும் 13 நாள் திருவிழாவையும் ஜூன் 13-ஐயும் தவிர்ப்பது நல்லது. அந்தச் சமயத்தில் அறை பிடித்துத் தருகிறேன் என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பையைப் பிடித்து இழுக்கிறவர்களும், இரட்டைக் கூலி கேட்கும் ஆட்டோக்களும் ஜெபிக்க வந்த மனசையே கெடுத்துவிடுவார்கள். நடந்து வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே பெரும்பாதியைக் கடந்துவிட வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணல் வெயில் ஏறினால் காலைப் பொசுக்கும். இடையன்குடி வழியாக வந்தால் கால்டுவெல் ஐயர் கட்டிய, 1880-இல் பிரதிஷ்டையான ஆலயத்தருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இருநூறு பேருக்கு 25 கிலோ அரிசி, 5 கிலோ துவரம்பருப்பு, காய் 15 கிலோ. கெடுப்பது தண்ணீர். கடலோரத்து உவர்த்தண்ணீரில் பருப்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் மலராது. சாம்பார் மேலே தண்ணீரும் அடியில் பருப்புமாகப் பிரிந்து நிற்கும். பருப்புக்கும் சாம்பாருக்கும் 20 லிட்டர் கேன் நான்கு தனியாகக் கொண்டுவர வேண்டும். அடுத்தது காற்று. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து அண்டாவின் ஒரு ஓரம் தீய்ந்து, மறு ஓரம் அரைவேக்காடாகும். காற்று வரும் பக்கம் தகரம் நட்டு மறைத்துவிட்டே அடுப்பு மூட்ட வேண்டும். வடித்த சோற்றைக் குவியலாகப் போட்டால் அடிச்சோறு குழைந்துவிடும். பாயில் துணி விரித்துப் பரத்துங்கள்.

பூசைக்கு முன்பே அந்தோணியார் சொரூபத்தண்டை, அதாவது சிலையருகே, போய்விட வேண்டும், பிறகு நெரிசல். உப்பும் மிளகும் வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி நிற்பதற்குள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். ஆனாலும் அந்த நேரம் போதும். முன்னே ஒரு தாய், நிற்க முடியாத பிள்ளையை இடுப்பிலிருந்து தூக்கி, அந்தோணியார் கையிலிருக்கும் குழந்தை இயேசுவின் உயரத்துக்குப் பிடிக்கிறாள். கை நடுங்குகிறது. இறக்கவில்லை. பின்னாலிருந்த கூட்டம் தானாகவே நின்றுவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையின் காலைத் தாங்கிக்கொள்கிறார். ஆண்டவரே, இதைக் கண்ணால் பார்க்க வைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்! கேட்க வந்ததெல்லாம் மறந்துபோய் நன்றி மட்டுந்தான் வாயில் வருகிறது.

கோயில் சாமியார் சோற்றை ஜெபித்து மந்திரித்ததும் பந்தி. நோயாளிகளோடு கோயிலில் நாள்கணக்கில் தங்கியிருப்பவர்களை முதலில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு அன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாமே. நேர்ந்தவர்கள் ஒரு பந்திக்காவது அவர்களோடு மணலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். “பிள்ளைக்கு எப்படியிருக்கு தாயி?” என்று பக்கத்து இலையில் கேட்டால் அவர்கள் பாடு முழுவதும் வரும்; சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. மிஞ்சிய சோற்றைச் சாம்பார் ஊற்றாமல் தனியாகக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் பழைய சோறாகக் குடிப்பார்கள்.