வண்ணம் மட்டும் போதாது

லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும் லைடார் கருவியின் புள்ளித் தொகுப்புக்கு வண்ணம் பூசி, திரையில் சுழற்றிக் காட்டினால் எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். நல்லது. அந்தப் புள்ளி தரையா கூரையா என்று கேட்டால் பதில் வேண்டாமா?

இந்தப் புள்ளிகளைச் சேமிக்கும் லாஸ் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் வகை எண் உண்டு: தரைக்கு 2, கட்டடத்துக்கு 6, தண்ணீருக்கு 9. நாடு முழுவதையும் வானிலிருந்து அளந்து இலவசமாகவே தருகிறது நெதர்லாந்து. ஏஎச்என் எனப்படும் அந்த உயரத் தரவில் பாலம் போன்ற கட்டுமானங்களுக்கு 26 என்று தனி எண்ணே இருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் அல்லவா, கணக்கில் கறார்தான்.

அதற்கு மேலும் நாம் சேர்க்கலாம். புள்ளித் தொகுப்புகளைக் கையாளும் பீடால் மென்பொருளின் ஓவர்லே வடிகட்டி, வரைபடத்தில் உள்ள கட்டட எல்லைக்குள் விழும் புள்ளிகளுக்கெல்லாம் அந்தக் கட்டடத்தின் அடையாள எண்ணைக் கொடுத்துவிடும். அது உயரத்தைப் பார்ப்பதில்லை. கூரைமேல் கவிந்த மரக்கிளைக்கும் அதே எண்தான். ஆகவே முதலில் வகை பிரித்துக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று: லாஸ் கோப்பாக எழுதும்போது கூடுதல் புலங்களையும் எழுதச் சொல்லும் ‘எக்ஸ்ட்ரா டிம்ஸ்’ அமைப்பைக் குறிப்பிடாவிட்டால், கட்டட அடையாள எண் போலப் புதிதாக உருவாக்கிய புலம் கோப்பில் ஏறாது. மென்பொருளோ வேலை முடிந்ததாகவே காட்டும். இவ்வளவு நல்ல கருவிக்கு இந்தக் கமுக்கம் எதற்கு?