கோடு போடாத வார்த்தை

ஜூன் 1, ஞாயிறு
இன்றைக்குப் பிரசங்கம் மத்தேயு 13:44. பரலோகராஜ்யத்துக்கு ஒப்பாக இயேசு சொன்ன உவமை: நிலத்தில் புதைத்திருந்த பொக்கிஷத்தை ஒருவன் கண்டு, எல்லாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். "எல்லாவற்றையும் விற்றான்" என்பதைப் போதகர் மூன்று தடவை அழுத்திச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் வேதாகமத்தைப் பிரித்தால், அதே இடத்தில் என்றைக்கோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்: "தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று". அதற்குச் சற்று முன்னாலேயே "சந்தோஷத்தினாலே" என்று இருக்கிறது. அதற்குக் கோடு இல்லை. இத்தனை வருஷமும் இதைத் தியாகத்தின் கதையாகத்தான் படித்திருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்
உவமை மொத்தமே ஒரு வசனம். கண்டு, மறைத்து, போய், விற்று, கொள்ளுகிறான். ஒரே ஓட்டம். கண்டதை மறைத்துவிட்டு நிலத்தை வாங்குவது நியாயமா என்பது மட்டும் உறுத்துகிறது. நிலத்துக்காரனுக்கு ஒன்றும் தெரியாதே! இயேசு அதைப் பேசவே இல்லை. அவனை நல்லவன் என்றும் சொல்லவில்லை. அவன் ஓடுகிற ஓட்டத்தைத்தான் காட்டுகிறார் போல.

ஜூன் 5, வியாழன்
அடுத்த உவமையில், ஒரு முத்துக்காக எல்லாவற்றையும் விற்கிற வியாபாரி தேடி அலைந்தவன். நிலத்தில் பொக்கிஷம் கண்ட இவன் தேடினதாகவே இல்லை. ஆனாலும் சந்தோஷம் என்ற சொல் இவனுக்குத்தான், வியாபாரிக்கு இல்லை. (வியாபாரி அல்லவா, முகத்தில் காட்டியிருக்க மாட்டான்.)

இதே அதிகாரம் 20ஆம் வசனத்திலும் சந்தோஷம் வருகிறது. கற்பாறை இடத்தில் விழுந்த விதை: தேவ வசனத்தை உடனே சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்கிறவன், வேரில்லாததால் உபத்திரவம் வந்ததும் இடறிவிடுகிறான். என்னுடைய சந்தோஷங்கள் பெரும்பாலும் இந்த ரகம். ஞாயிற்றுக்கிழமை பொங்கி, புதன்கிழமைக்குள் வற்றிவிடும்.

ஜூன் 7, சனி
19ஆம் அதிகாரத்து ஐசுவரியவானான வாலிபன் நினைவுக்கு வந்தான். அவனிடமும் இயேசு உள்ளதை விற்கத்தான் சொல்கிறார். "பரலோகத்திலே உனக்குப் பொக்கிஷம் உண்டாயிருக்கும்" என்றும் சொல்கிறார். அவனோ துக்கத்தோடு போய்விட்டான். பொக்கிஷம் அவன் காதில் விழுந்தது, கண்ணில் படவில்லை.

நிலத்தை வாங்கினவனோ பொக்கிஷத்தைக் கண்ணால் கண்டவன். ஏரை விற்கப் போயிருப்பான். வாங்க வந்தவன் பாதி விலைக்குக் கேட்டிருப்பான், இவன் பேரம் பேசாமல் தலையாட்டியிருப்பான். "உனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்து எதைத் தூக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்திருப்பான்.